பின் சக்கரம் இறங்கிய தண்ணீர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை. கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், ஜூஜுவாடியில், ஆஞ்சப்பன் என்று ஒரு மெக்கானிக். சித்திரை மாதத்துப் பகல் ஒன்றில் அவனுடைய பட்டறைக்குத் தன் பிக்கப் வண்டியோடு வந்திருக்கிறான் முத்துமணி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவன். வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுத்தாயிற்று. ஆஞ்சப்பன் அடியில் படுத்திருக்கிறான். இனி அவர்கள் பேசுவார்கள். நான் குறுக்கே வரமாட்டேன்.

— அந்த நட்டத் தொடாத முத்துமணி. ஸ்பானர கீழ வை.

— கீழ உள்ளதத் தொறந்தாத்தான அண்ணாச்சி பழைய ஆயிலு வடியும்? நானும் ஒரு கை பிடிச்சா சீக்கிரம் முடியும்லா.

— மொதல்ல மேல, ஊத்தற நட்டு. அது கழண்டு கையில வந்தப்புறம்தான் கீழ, வடிக்கற நட்டு. போன மாசம் அத்திப்பள்ளிக்காரன் ஒருத்தன் வந்தான். 'பேக மாடு, பேக மாடு'ன்னு, சீக்கிரம் பண்ணுன்னு கன்னடத்துல, தலைமேல நின்னு வெரட்டினான். அவன் அவசரத்துக்குக் கீழ தொறந்து பூராத்தையும் வடிச்சுட்டன். அப்புறம் பாத்தா மேல நட்டு துருப்புடிச்சு அசைய மாட்டேங்குது. எந்த ஓட்டையில புதுசு ஊத்தறது? வண்டியும் இங்கயே கெடந்துச்சு, அவனும் இங்கயே கெடந்தான். ரங்கம்மாதான் ரெண்டு வேளையும் அவனுக்குச் சோறு போட்டா. பொண்டாட்டிகிட்ட நான் வாங்காத பேச்சு இல்ல.

— எனக்கு இங்க கெடக்க நேரமில்ல. விடியக்காலம் பொறப்படணும்.

— தெரியும்ப்பா. வந்ததுலருந்து இதத்தான் சொல்லிக்கினு இருக்க. உம் பொண்டாட்டி பேச்சியம்மாள அவங்கம்மா வூட்ல கொண்டு போயி வுடணும், ஏழாம் மாசம். அதுக்கு ஒரு பஸ்ஸுல டிக்கெட் போட்டிருக்கலாம்.

— நல்லா இருந்தான்னா பஸ்ஸுலதான் ஏத்தி விட்டிருப்பேன். முன்னால ரெண்டு தடவ தங்காமப் போயிட்டு அண்ணாச்சி. இத மடியில கட்டிக் காப்பாத்திட்டு வாரோம். மாசி வரைக்கும் நல்லாத்தான் இருந்தா. இப்பதான் முடியல. இந்த மாசத்துல வாந்தி நின்னுருக்கணும்ங்காவ, இவளுக்கு இப்பத்தான் கூடுது. கையெல்லாம் தடிப்பு. டாக்டரம்மா ரெத்தம் எடுத்துப் பாத்தாவ. பிள்ளைக்கு எடை ஏறல, எதனாலன்னு பிடிபடல, பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஒருக்க காட்டிருங்கன்னாவ.

— அவ என்னா சொல்றா?

— அவ என்ன சொல்லுவா. எங்க அம்மைகிட்ட கொண்டு விட்டுரு, அவ கையால கஞ்சி குடிச்சா சரியாயிரும்ங்கா. பஸ்ஸு புகை ஒத்துக்கிடல. அதான் இந்த முன் சீட்டுல மெத்தையப் போட்டு, மெதுவா ஓட்டிட்டுப் போவோம்னு. வழியில வண்டி நின்னுரக்கூடாது, எனக்கு அது ஒண்ணுதான். தொப்பூர் எறக்கத்துல, லாரிக்கு நடுவுல அவள வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்? பின்னால ஒரு உறுமல் சத்தம் வேற வருது. எல்லா ஆயிலையும் மாத்திருங்க.

— மாத்திடலாம். முன்னாடி டிஃபரன்ஷியல், ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கற இந்த இரும்பு உருண்டை, தொறந்துட்டன், எட்டிப் பாரு. கருப்பா இருக்குது, ஆனா சுத்தமான ஆயிலு. நட்டு காந்தத்துல கொஞ்சம் இரும்புப் பொடி. அது எல்லா வண்டியிலயும் இருக்கறதுதான்.

— சரி. அடுத்தது?

— நடுவுல இருக்கற பொட்டி. டிரான்ஸ்ஃபர் கேஸு. இழுவைய நாலு வீலுக்கும் பிரிச்சுக் குடுக்கறது இதுதான். தக்காளி ஏத்தறவனுக்கு நாலு வீல் இழுவை எதுக்குடான்னு நீ வாங்கறப்பவே கேட்டன்.

— குவாரிக்காரரு கழிச்சு விட்ட வண்டி. கெடச்சத வாங்குனேன். அந்தக் கியர நான் எங்க போடுதேன்? ராயக்கோட்டையில ஏத்துதேன், ஓசூரு மார்க்கெட்டுல எறக்குதேன். எல்லாம் தாரு ரோடு.

— அப்பிடியா. இந்தா, விரல்ல எடுத்து மோந்து பாரு.

— கருகுன வாடை.

— கருகினதுதான். லோ கியருல போட்டு, வழுக்கற ஏத்தத்துல திரும்பத் திரும்ப ஏத்தினா இப்பிடிக் கருகும். ஒரு தடவ ரெண்டு தடவைக்கு இவ்ளோ வராது. தாரு ரோட்ல ஏதுப்பா அப்பிடி ஏத்தம்?

— தோட்டத்துக்குள்ள எறங்கி ஏறுவேன்.

— ராயக்கோட்டையில தக்காளித் தோட்டத்த மலை உச்சியில வெச்சிருக்காங்க போல.

— அண்ணாச்சி, கேலிய விட்டுட்டு வேலயப் பாருங்க.

— வேலதான் பாக்கறன். கோவிச்சுக்காத. உன் வண்டி பேசுது, நான் பதில் சொல்றன். இதோ பின்னாடி உருண்டைக்கு வந்துட்டன். மேல நட்டு வந்துடுச்சு. கீழ தட்டு வெச்சுட்டன். தொறக்கறன்.

— சத்தம் அங்கேருந்துதான் வருது. பேரிங்கா இருக்குமோ?

— முத்துமணி.

— என்ன?

— குனிஞ்சு வா. இது ஆயிலா, பால் ஊத்தின காப்பியா?

— வெள்ளையால்லா இருக்கு.

— ஆயிலும் தண்ணியும் கலந்து கடைஞ்சா இந்தக் கலருதான் வரும். கொஞ்ச நஞ்சமில்ல, தட்டு ரொம்பி வழியுது.

— மழைத் தண்ணி போயிருக்கும்.

— மழை எப்ப பேஞ்சுது? மாம்பிஞ்சு காஞ்சு வுழுந்துக்கினு இருக்குது. உனக்கு மட்டும் தனியா பேஞ்சுதா?

— அப்ப சர்வீஸ் ஸ்டேஷன்ல பீச்சி அடிச்சதுல போயிருக்கும்.

— பீச்சி அடிச்சா முன்னாடியும் போயிருக்கணும். முன்னாடி ஆயில நீயே பாத்த. நடுப் பொட்டியில கருகல் இருக்குது, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பின்னாடி மட்டும் ரொம்பிக் கெடக்குது. ஓடி வந்த சூட்டோட இந்த உருண்டையக் குளுந்த தண்ணியில எறக்கினா, மூச்சு விடறதுக்கு மேல ஒரு ஓட்ட இருக்குதே, அது வழியா தண்ணிய உள்ள இழுத்துக்கும். முன் சக்கரம் கரையில, பின் சக்கரம் தண்ணியில. வண்டியப் பின்னால வுட்டு எறக்கியிருக்க.

— ஏரியில கழுவுனேன்.

— கழுவறவன் மூக்க வுட்டு எறக்குவான், இல்ல பக்கவாட்டுல நிறுத்துவான். வாலு மட்டும் நனையற மாதிரி எவனும் கழுவ மாட்டான். அதுவும் ஒரு நாள் இல்ல, பல நாள்.

— உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? வடிச்சாச்சுல்லா, புதுச ஊத்தி மூடுங்க.

— மூடியிருப்பன். எனக்கென்னா வந்துச்சு. ஆனா இந்த நட்டப் பாரு. இதுக்கு அடியில வாஷர் இருக்கணும், எங்க? வெளிம்பெல்லாம் எலி கொறிச்ச மாதிரி இருக்குது. உருண்டை மேல பெயின்ட்டு தோலாட்டம் உரிஞ்சு தொங்குது. தண்ணி இரும்பத் துருப்புடிக்க வெக்கும், இப்பிடித் தின்னாது. அப்புறம் எங் கையி.

— கைக்கு என்ன?

— எரியுது. வாழ்நாள் பூரா ஆயில்ல ஊறின கையி, இன்னிக்கு எரியுது. அந்த சோப்ப எடு.

— இந்தாங்க. நெறைய தண்ணி ஊத்திக் கழுவுங்க. கண்ணத் தொட்டுராதீய, அண்ணாச்சி. கண்ணுல மட்டும் படக்கூடாது.

— கண்ணுல பட்டா என்னாகும்னு உனக்குத் தெரிஞ்சிருக்குது.

— நான் பொதுவா சொன்னேன்.

— பொதுவா சொன்ன மொகம் இல்ல அது. கேளு, முத்துமணி. உள்ள பூந்தது என்னான்னு தெரிஞ்சாத்தான் நான் இத மூட முடியும். வெறும் தண்ணின்னா, கொஞ்சம் ஆயிலு ஊத்தி ஓட்டிக் கழுவிட்டுப் புதுச ஊத்திடலாம். வேற எதுனா பூந்திருந்தா, மூடியக் கழட்டி பேரிங்கு, சீலு, பல்லு எல்லாத்தையும் பாக்கணும். பாக்காம அனுப்பினா தொப்பூர் எறக்கத்துல பின் சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நிக்கும். மெத்தை மேல யாரு உக்காந்திருப்பான்னு நீதான் சொன்ன.

— அவளப் பேச்சுல இழுக்காதீய.

— நான் எங்க இழுக்கறன். நீதான் அவள ஏத்திக்கினு போற.

— அந்தப் படுதாவ எறக்கி விடுங்க.

— இந்த வெயில்ல படுதாவ எறக்கினா ரெண்டு பேரும் வெந்துடுவோம். ரோட்ல போற லாரி சத்தத்துல நீ கத்தினாக் கூட யாருக்கும் கேக்காது. சொல்லு.

— முலாம் பூசுத கம்பெனி ஒண்ணு. பேரு கேக்காதீய. வண்டி உதிரிக்கெல்லாம் பளபளன்னு முலாம் போட்டு அனுப்புதாவ. அங்க சூப்பர்வைசரு எங்க ஊருப் பக்கம். தக்காளி ஓட்டம் இல்லாம நான் சும்மா நின்னப்ப அவருதான் கூப்பிட்டாரு. முலாம் தொட்டியில மிஞ்சுத தண்ணிய டிரம்முல அடைச்சுக் குடுப்போம், கர்நாடகாவுல அத சுத்தம் பண்ணுத எடம் இருக்கு, கொண்டு எறக்கிட்டு வா, அம்புட்டுதான்னாரு.

— அம்புட்டுதான்னா நல்ல வேலைதான்.

— மொத நடையிலேயே அங்க கேட்டத் தொறக்கல. உங்க கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒரு பேச்சும் இல்லியேன்னுட்டாவ. நான் டிரம்மு ஏத்துன வண்டியோட ரோட்டோரத்துல நின்னு சூப்பர்வைசருக்குப் போன் பண்ணுதேன். திரும்பக் கொண்டு வந்துராத, எங்கயாச்சும் எறக்கிரு, எங்கன்னு எங்கிட்டக் கூட சொல்லாதங்காரு. வச்சிட்டாரு. மறு வாரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஏத்தி விடுதாரு.

— நீயும் ஏத்திக்கினு வந்துட்ட.

— வந்துட்டேன். வீட்டுல அப்பத்தான் அவளுக்கு நாலாம் மாசம். முன்னால ரெண்டு தங்காததால படுத்தே கெடக்கணும், எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாவ. அவளும் டெய்லர் கடைக்குப் போறத நிறுத்திட்டா. நான் ஓட்டம் இல்லாம உக்காந்திருக்க முடியுமா? சொல்லுங்க.

— நான் என்னத்த சொல்றது. எங்க எறக்கின?

— அங்க இன்னொரு டிரைவரு பாரூரு ஏரியக் காட்டுனான். நான் மாட்டேன்னுட்டேன். அது கால்வாயில போயி நெல்லுக்கும் கரும்புக்கும் பாயுத தண்ணி, சனம் குளிக்குத தண்ணி. நான் பாவி இல்ல அண்ணாச்சி. யாருக்கும் ஒதவாத தண்ணியா தேடி அலைஞ்சேன். சூளகிரிக்கு உள்ள தள்ளி ஒரு பழைய கல்லு குவாரி. வெட்டி முடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாவ. கெடங்கு நெறைய தண்ணி. சுத்திச் சுத்தி நடந்து பாத்தேன். ஒரு வீடு இல்ல, கெணறு இல்ல, ஆடு மாடு எறங்குத தடம் இல்ல. அதுக்கப்புறந்தான் எறக்குனேன்.

— பின்னால வுட்டு.

— ஆமா. லாரி எறங்குன சரிவு இருக்கு. கரையில நின்னு ஊத்துனா பாறையில மஞ்சக் கறை பிடிச்சுக் காட்டிக் குடுத்துரும். அதான் பின் சக்கரம் முங்குத வரைக்கும் எறக்கி, டிரம்முல குழாயப் போட்டு, மறு நுனியத் தண்ணிக்குள்ள விட்டுருவேன். வாடை வராது. கல்லுத்தூளு சரிவு, சக்கரம் வழுக்கும். லோ கியரு போடாம ஏற முடியாது. நீங்க மோந்தது அதுதான்.

— எப்பலருந்து?

— தையிலருந்து. இன்னைக்கோட தல முழுகியாச்சு. அவள ஊர்ல விட்டுட்டு வந்தா இனிமே அந்தப் பக்கமே போவ மாட்டேன். அவ வயித்துல இருக்க பிள்ள மேல சத்தியமா.

— பிள்ள மேல சத்தியம் பண்ணாத.

— ஏன்?

— பண்ணாதன்னா பண்ணாத. அந்தக் குவாரிக்குத் திரும்பற எடத்துல ஒடைஞ்சு போன எடை மேடை ஒண்ணு இருக்குதா?

— இருக்கு. பக்கத்துல கூரை இல்லாத ரூம்பு. நீங்க எப்பம் போனீய?

— தண்ணி ஓரமா கருப்பு ஹோஸு ஒண்ணு கெடக்குதா?

— கெடந்துச்சு. குவாரிக்காரன் போட்டுட்டுப் போன பழசுன்னு நெனச்சேன்.

— பழசுதான். வெடிச்ச எடத்துல எல்லாம் கிளிப்பு போட்டு இறுக்கிக் குடுத்தவன் நான்.

— என்ன சொல்லுதீய?

— ரங்கம்மாவோட தம்பி வெங்கடசாமி. தண்ணி டேங்கரு ஓட்டறான், நீலக் கலரு, நீயும் ரோட்ல பாத்திருப்ப. மாசி பாதியில அவன் தண்ணி எடுக்கற போரு எல்லாம் வத்திப் போச்சு. லாரிய எங்க கொண்டு போயி ரொப்பறதுன்னு பைத்தியமாட்டம் சுத்தினான். ஒரு நாள் சிரிச்சிக்கினே வந்தான், மாமா ஒரு குவாரி கெடச்சிருக்குது, கேக்க ஆளில்ல, தண்ணி கண்ணாடின்னான். ஒரு பாசி இல்ல, தவளை இல்ல, அடியில கல்லு தெரியுது மாமான்னான். இந்த வெயில்ல பாசி கூட வராத தண்ணி என்னா தண்ணின்னு எனக்கு அன்னிக்குக் கேக்கத் தோணல. மோட்டாரையும் ஹோஸையும் சரி பண்ணிக் குடுத்தன்.

— மாசியிலருந்தா?

— மாசியிலருந்து. இன்னிக்குக் காலையில கூடப் போனான்.

— அவருக்குப் போன் பண்ணுங்க. எடுக்காதன்னு சொல்லுங்க. இப்பவே பண்ணுங்க.

— நீ பேசிக்கினு இருக்கறப்பவே பண்ணிக்கினுதான் இருக்கன். மணி அடிக்குது, எடுக்கல. ஸ்டீயரிங்கு புடிச்சா எடுக்க மாட்டான், அது ஒண்ணுதான் அவங்கிட்ட நல்ல பழக்கம்.

— திரும்ப அடிங்க.

— அடிக்கறன்.

— என்னாச்சு?

— எடுக்கல.

— அவருகிட்ட சொல்லும்போது எம் பேரச் சொல்லாதீய அண்ணாச்சி. தண்ணி கெட்டுப் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அவள ஊருல கொண்டு விட்டுட்டு வந்துருதேன், அப்புறம் நானே வந்து எல்லாத்தையும் யாருகிட்ட வேணாலும் சொல்லுதேன்.

— உம் பேரச் சொன்னா எம் மச்சான் பேரும் வரும், ஹோஸு இறுக்கின எம் பேரும் வரும். நான் எங்கடா சொல்லப் போறன். அதான் எனக்கே பயமா இருக்குது. ஒண்ணு கேக்கறன், யோசிச்சு பதில் சொல்லு. உன் வூட்டுக்கு எந்தத் தண்ணி?

— கார்ப்பரேசன் குழா. லைன் வீடு பூராவுக்கும் ஒரே தொட்டி.

— லாரி வந்து ஊத்தறதில்லையே?

— எங்க தெரு சந்துல லாரி நுழையவே முடியாது. நல்லா தெரியும். ஒரு நாளும் வந்ததில்ல.

— நல்லா யோசிச்சியா?

— யோசிச்சுட்டேன். அய்யனாரே. மூச்சு நின்னு வந்திருக்கு எனக்கு. எவம் பாவமோ, எங்க வீட்டுக்கு வரல.

— குடிக்கறதுக்கும் அந்தக் குழாதானா?

— நான் அதத்தான் குடிக்கேன். அவளுக்கு நான் குழாத் தண்ணியே குடுக்கது கெடையாது. உண்டான உடனே டாக்டரம்மா சொல்லிட்டாவ, தண்ணி நெறைய குடிக்கணும், சுத்தமா குடிக்கணும்னு. அன்னையிலருந்து கேன் தண்ணிதான். சோறு பொங்க, கஞ்சி காய்ச்ச, எல்லாத்துக்கும் அதுதான். நான் அதுல ஒரு மடக்கு குடிச்சதில்ல, அவளுக்குக் கொறஞ்சிரும்னு. வாய் கசக்கு, தண்ணி வேண்டாம்ங்கா. நான்தான் வைது வைது ஒரு செம்பு முழுசையும் குடிக்க வச்சிட்டு வேலைக்கு வருவேன்.

— கேன் எங்க வாங்கற?

— கடையில வாங்குனா என்னைக்கு ரொப்புனதோன்னு, ரொப்புத எடத்துக்கே போயிருவேன். இங்கதான், ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டுல, பச்சத் தகரம் போட்ட கொட்டாய். மெஷினுல சுத்தம் பண்ணி ரொப்புதாவ, போர்டுல பெருசா எழுதியிருக்கு. நாளைக்கு வழியில குடிக்கவும் காலையிலயே எடுத்து வச்சிட்டேன். ஏன் அண்ணாச்சி கீழ உக்காந்துட்டீய?

— அங்க மெஷினு ஓடி நான் பாத்ததில்ல, முத்துமணி. வெங்கடசாமி எந்தத் தெருவுக்கும் தண்ணி ஊத்தப் போறதில்ல. அந்தப் பச்சக் கொட்டாய்க்கு மட்டும்தான் ஊத்தறான்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்கள். தாகம் என்று வாய் திறக்கிற ஒவ்வொரு உயிருக்கும் உங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் இருக்கட்டும். அதை மொண்டு கொடுக்கிற கை, தான் கொடுப்பது இன்னதென்று அறிந்த கையாக இருக்கட்டும். உங்கள் மடியில் வளர்கிற பிள்ளைகள் எடை ஏறி, கொழுத்து, உங்களையே தூக்கி நடக்கிற அளவுக்கு வளரட்டும்.